டார்வின் பிறந்தது 1809-இல்

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் படித்துவிட்டு வருகிற ஐயர்மார் (சபைப் போதகர்கள்), பைபிளின் முதல் நூலான ஆதியாகமம் சொல்லும் ஆறு நாள் படைப்பை உருவகம் என்கிறார்கள், இது பரிணாமம் பேசிய டார்வினுக்குப் பயந்து வந்த புதுப் பழக்கம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கணக்கு இடிக்கிறதே, அண்ணே! சூரியன் நான்காம் நாளில்தான் உண்டாகிறது; அப்படியானால் முதல் மூன்று நாளுக்குச் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி வந்தது என்று ஆதித் திருச்சபை அறிஞர் ஓரிகன் 3-ஆம் நூற்றாண்டிலேயே கேட்டுவிட்டார். அவருக்குப் பின் வந்த திருச்சபைத் தந்தை அகஸ்டினோ, எல்லாம் ஒரே நேரத்தில் படைக்கப்பட்டது என்றே வாசித்தார். அவ்வளவு ஏன், ஆதியாகமத்தில் வரும் ஆபிரகாமின் மனைவி சாராளையும் அவள் அடிமைப்பெண் ஆகாரையும் இரண்டு உடன்படிக்கைகளின் உருவகமாகக் காட்டுவது அப்போஸ்தலன் பவுலேதான், பைபிளின் கலாத்தியர் நிருபம் 4-ஆம் அதிகாரத்தில். சரி, மறுப்பும் அப்போதே இருந்தது. புல் என்றால் புல்தான் என்று 4-ஆம் நூற்றாண்டில் ஆயர் பேசில் கறாராகச் சொன்னார். படைப்பின் ஒவ்வொரு நாளும் 24 மணி நேரம்தான் என்று நீங்கள் நம்புங்கள், அது உங்கள் விருப்பம். பழியை மட்டும் டார்வின் தலையில் கட்டாதீர்கள்.