"ஏழாவது" என்கிறார்கள், எந்தக் கணக்கில்?

2023 கடைசியில் ஷில்லாங்கில் ஆண்களுக்கான தேசிய குத்துச்சண்டைப் போட்டி நடந்தது. அதற்கு வைத்த பெயர் "7வது எலைட் ஆண்கள் தேசிய சாம்பியன்ஷிப்". அதே ஆண்டு ஜனவரியில் ஹிசாரில் நடந்தது 6வது. செய்தியைப் படித்துவிட்டுத் தாண்டிப் போயிருப்பேன். அந்த எண்தான் நெருடியது. நம் நாட்டில் முதல் தேசியப் போட்டி நடந்தது 1950-இல், பம்பாய் பிரபோர்ன் மைதானத்தில். 73 வருஷத்தில் ஏழு போட்டிதானா?

இல்லை. நடுவில் யாரோ கணக்கை அழித்துவிட்டு ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். சின்ன விஷயம்தானே என்று நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1949-இல் இந்திய அமெச்சூர் பாக்ஸிங் கூட்டமைப்பு உருவானது, அடுத்த வருஷமே தேசியப் போட்டி. அதற்கு முன்பும் இங்கே பாக்ஸிங் இருந்தது. ராணுவ ரெஜிமென்ட்டுகளில் இருந்தது, பம்பாயில் 1925-லேயே மாகாண சங்கம் இருந்தது, 1948 லண்டன் ஒலிம்பிக்குக்கு அணி கூடப் போனது. நம் வடசென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரைகள் (வாத்தியார் வழி வந்த குழுக்கள்) ஆடியது வேறு ஆட்டம். டிக்கெட் போட்டு நடத்திய தொழில்முறைச் சண்டை. அந்தக் கால அமெச்சூரில் பரிசுப் பணம் கிடையாது, ரவுண்டும் குறைவு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இப்போது அதிகமாகியிருக்கிறது.

காசு இல்லாத ஆட்டத்துக்கு ஏன் இத்தனை பேர் மூக்கை உடைத்துக்கொண்டார்கள்? வேலை. இந்தப் போட்டியின் வரலாற்றை வேலைவாய்ப்பின் வரலாறாகவும் படிக்கலாம். மாநிலங்களோடு மாநிலங்களாக நின்று கோப்பையை அள்ளிக்கொண்டு போகும் அணி பெரும்பாலும் சர்வீசஸ்தான், அதாவது முப்படைகளின் அணி. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பாக்ஸிங்கில் இந்தியாவுக்கு முதல் தங்கம் வாங்கித் தந்த பதம் பகதூர் மல் ராணுவ வீரர். 1980-இல் டெல்லியில் முகமது அலியோடு காட்சி ஆட்டத்தில் மோதிய கவுர் சிங்கும் ராணுவம். 1998 பாங்காக்கில் தங்கம் வென்ற மணிப்பூரின் டிங்கோ சிங் கடற்படை. கிராமத்துப் பையன் கையில் கிளவுஸ் மாட்டினால் அந்தக் கை சீருடைக்குள் போகும் என்ற நம்பிக்கைதான் ரிங்கை நிரப்பியது.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஹவா சிங். ஹரியானாவில் பிவானி பக்கத்து கிராமம். 1956-இல் ராணுவத்தில் சேர்ந்தார். 1961 முதல் 1972 வரை தொடர்ந்து 11 முறை தேசிய ஹெவிவெயிட் சாம்பியன். இன்னொரு தடவை படியுங்கள், தொடர்ந்து 11 முறை. ஹெவிவெயிட்டில் ஒரே ஒரு நல்ல குத்து போதும், ஆள் கீழே. அப்படிப்பட்ட பிரிவில் ஒருவர் பத்து வருஷத்துக்கு மேல் யாரிடமும் பட்டத்தைக் கொடுக்காமல் நின்றிருக்கிறார். 1966, 1970 இரண்டு ஆசிய விளையாட்டிலும் தங்கம். ஒலிம்பிக் ரிங்கில் மட்டும் கால் வைக்கவே இல்லை. ஓய்வுக்குப் பிறகு பிவானியில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 2000 ஆகஸ்ட்டில் துரோணாச்சார்யா விருது வாங்கவேண்டியவர், அதற்குச் சில நாட்கள் முன்பு இறந்துபோனார். விருதை வாங்கியது அவர் மனைவி. எட்டு வருஷம் கழித்து பெய்ஜிங்கில் விஜேந்தர் சிங் வெண்கலம் வாங்கியபோது எல்லா டிவியும் பிவானிக்கு ஓடின. அந்த மண்ணில் பாக்ஸிங் விதைத்த மனிதரை எத்தனை டிவி நினைத்துப் பார்த்தது?

ஹவா சிங்கின் 11 பட்டமும் பழைய கணக்கில்தான் இருக்கின்றன. "7வது" என்று இன்று எழுதுகிற கணக்கில் அவருக்கு இடமே இல்லை. என் கோபத்துக்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் நம்ம ஊர்.

2001 பிப்ரவரி 6 முதல் 12 வரை நாட்டின் முதல் தேசிய மகளிர் குத்துச்சண்டைப் போட்டி சென்னையில் நடந்தது. ஆமாம், சென்னையில். அதில் தங்கம் வாங்கிய மணிப்பூர்ப் பெண்ணின் பெயர் மேரி கோம். முந்தைய வருஷம்தான் மாநிலப் பட்டம் வென்றிருந்தார். பேப்பரில் படம் வந்த பிறகுதான் மகள் பாக்ஸிங் ஆடுகிறாள் என்பதே அப்பாவுக்குத் தெரிந்தது. சென்னைக்குப் பிறகு, அதே 2001 கடைசியில், அமெரிக்காவின் ஸ்க்ரான்டனில் முதல் உலக மகளிர் சாம்பியன்ஷிப். அங்கே வெள்ளி. அடுத்த வருஷம் துருக்கியில் தங்கம். அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும்.

அந்த பிப்ரவரியில் நான் சென்னையில்தான் இருந்தேன். சத்தியமாக ஒன்றும் தெரியாது. அடுத்த மாதம் சேப்பாக்கத்தில் ஹர்பஜன் 15 விக்கெட் எடுத்து, கடைசி ரன்னையும் அவரே அடித்து ஆஸ்திரேலியாவை வென்றது மட்டும் பந்து பந்தாக ஞாபகம் இருக்கிறது. கிரிக்கெட்டைத் திட்டவில்லை, இன்றைக்கும் அந்த மேட்ச்சைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சோறு கூட மறந்துபோகும். ஆனால் பெண்கள் பாக்ஸிங்கின் முதல் தேசிய அத்தியாயம் என் ஊரில் எழுதப்பட்டது என்பதை அதற்கு எத்தனையோ வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டபோது வெட்கமாக இருந்தது. புதிய கணக்கின்படி பார்த்தால் "முதல்" எலைட் மகளிர் தேசியப் போட்டி 2016-இல் ஹரித்வாரில் நடந்ததாம். அப்படியென்றால் சென்னையில் நடந்தது என்ன, பயிற்சி முகாமா?

சரி, கணக்கு ஏன் அறுந்தது? 2012 டிசம்பரில் பழைய கூட்டமைப்பை உலகக் குத்துச்சண்டை அமைப்பு இடைநீக்கம் செய்தது. நிர்வாகிகள் தேர்தலில் தில்லுமுல்லு என்று குற்றச்சாட்டு. 2014-இல் "பாக்ஸிங் இந்தியா" என்று புதிதாக ஒன்று முளைத்தது, அடுத்த வருஷமே உள்சண்டையில் தலைவரை இறக்கினார்கள். 2016 செப்டம்பரில் இப்போதைய பி.எஃப்.ஐ., அதாவது இந்திய குத்துச்சண்டைக் கூட்டமைப்பு, வந்தது. இந்த நாலு வருஷத்தில் தேசியப் போட்டி ஒழுங்காக நடக்கவில்லை. நம் வீரர்கள் வெளிநாட்டுப் போட்டிகளில் மூவர்ணக் கொடி இல்லாமல் உலக அமைப்பின் கொடியின் கீழ் இறங்கினார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்குப் போனவர்கள் எட்டுப் பேர், 2016 ரியோவுக்குப் போனவர்கள் மூன்று பேர். மூவரும் ஆண்கள். நாற்காலிச் சண்டையில் நாக்கவுட் ஆனது நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் இல்லை.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன். மாநிலப் பதக்கம் வாங்கியவர், பிளாஸ்டிக் கவரில் சர்டிபிகேட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தபோது, கவுன்ட்டரில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "அந்த வருஷம் உங்க பெடரேஷனுக்கு அங்கீகாரம் இருந்துச்சா?" அண்ணனுக்கு யார் எந்த வருஷம் யாரை நீக்கினார்கள் என்று என்ன தெரியும்? தினமும் காலை அஞ்சு மணிக்கு எழுந்து ஓடியது தெரியும். வெயிட் குறைக்க ரெண்டு நாள் தண்ணீர் கூடச் சரியாகக் குடிக்காமல் இருந்தது தெரியும்.

"சீனியர்" பிரிவுக்கு இப்போது "எலைட்" என்று பெயர், அதனால் எண்ணும் புதிது என்று சிலர் சொல்கிறார்கள். பெயர்ப்பலகையை மாற்றினால் கடை ஆரம்பித்த வருஷமும் மாறுமா? ஆடுகிறவர்கள் அதே வயது வந்த வீரர்கள். பட்டமும் அதே தேசியப் பட்டம். ஹெட்கார்டு போனது, கம்ப்யூட்டர் பட்டன் அமுக்கிப் புள்ளி போட்ட முறை வந்து போனது, எடைப் பிரிவுகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. இவையெல்லாம் உலகம் முழுக்க நடந்த மாற்றம். இங்கிலாந்தில் அமெச்சூர் சாம்பியன்ஷிப் 1881-இல் தொடங்கியது. நடத்தும் சங்கத்தின் பெயரே இப்போது மாறிவிட்டது. ஆனாலும் 1952, 1953-இல் லைட் ஹெவிவெயிட் வென்ற ஹென்றி கூப்பர் பெயர் அந்த ஒரே பட்டியலில்தான் இருக்கிறது. இங்கிலாந்துக்காரர்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. பழைய நோட்டைக் கிழித்துப் போடாமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்கள், அவ்வளவுதான்.

பி.எஃப்.ஐ. இதைச் செய்ய கோடிக்கணக்கில் செலவழிக்க வேண்டாம். 1950-இலிருந்து ஆண்கள், 2001-இலிருந்து பெண்கள் என்று வருஷம், ஊர், எடைப் பிரிவு, வென்றவர் பெயர் போட்டு ஒரு முழுப் பட்டியல் வெளியிட்டால் போதும். நடக்காத வருஷங்களுக்கு நேராக "நடக்கவில்லை" என்று எழுதட்டும், அதுவும் வரலாறுதான். நம்ம சென்னையின் வி.தேவராஜன் 1994-இல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கியவர், அடுத்த வருஷம் அர்ஜுனா விருது பெற்றவர். அவர் ஆடிய காலமும் அந்தப் பழைய நோட்டில்தானே இருக்கிறது?

அப்புறம் ஒரு வேண்டுகோள். 2001 பிப்ரவரியில் அந்தப் போட்டியை நேரில் பார்த்தவர்கள், நடுவராகவோ உதவியாளராகவோ வேலை செய்தவர்கள், மணிப்பூர், ஹரியானா பெண்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் ஏற்பாடு செய்தவர்கள் யாராவது இந்தப் பதிவைப் படித்தால் கமெண்ட்டில் எழுதுங்கள். மங்கிப்போன ஒரு போட்டோ இருந்தாலும் போடுங்கள்.