வாளி கேட்டதற்கா இத்தனை சிரிப்பு?

கல்யாணத்துக்குப் போய்ச் சென்னையில் தங்கிய ஓட்டலில், அம்மா குளிக்க ஒரு வாளி கேட்டும் தரவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை போட்ட பதிவின் கீழ் வந்த கமெண்ட்டுகளைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "பக்கெட்டும் மக்கும் வேணும்னா லாட்ஜுக்குப் போக வேண்டியதுதானே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு வரிசையாகச் சிரிப்பு எமோஜி. சிரித்தவர்களில் பலர் எனக்கு நேரில் தெரிந்தவர்கள், எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்கள்.

நான் கேட்டது ஒரு வாளி, ஒரு மக், உட்கார்ந்து குளிக்க ஒரு ஸ்டூல். அவ்வளவுதான். அண்ணா சாலைப் பக்கம் இருக்கிற பெரிய ஓட்டல். ஒரு நாள் வாடகையே 7,500 ரூபாயைத் தாண்டுவதால் அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆனது உங்களுக்குத் தெரியும். அந்த அறையில் ஷவர் இருந்ததே பாத்டப்புக்குள்தான். அந்த விளிம்பைக் காலைத் தூக்கித் தாண்டி, வழவழவென்று இருக்கிற தொட்டிக்குள் நின்றுகொண்டு அவள் குளிக்க வேண்டும்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே." சொன்னோம். புக் செய்யும்போதே தம்பி போனில் விவரமாகச் சொன்னான். "ஷ்யூர் சார், நோட் பண்ணிக்கிட்டோம்" என்றார்கள். நட்சத்திர ஓட்டல் என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற அறை இருக்க வேண்டும் என்று மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் விதிகளிலேயே இருக்கிறது. போய் நின்றபோது, அந்த அறையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். சரி, ஒரு வாளியாவது கொடுங்கள் என்றேன். வெகுநேரம் கழித்து வந்தது ஐஸ் கட்டி போட்டு வைக்கிற குட்டி ஸ்டீல் வாளி. மறுபடி கீழே போய்க் கேட்டால், "பக்கெட் எங்க ஸ்டாண்டர்ட்ல கிடையாது மேடம்" என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

"வேலை செய்யறவங்களைத் திட்டாதீங்க" என்றும் ஒருவர் சொல்லியிருக்கிறார். யாரைத் திட்டினேன்? அறையைச் சுத்தம் செய்ய வந்த பையன் மட்டும்தான் அங்கே மனுஷனாக நடந்துகொண்டான். "அம்மா, கீழ ஸ்டாஃப் பாத்ரூம்ல பக்கெட் இருக்கு. ஆனா ரூமுக்குக் கொண்டு வரக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். இதைச் சொன்னதற்காக அவன் வேலைக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது, அதனால்தான் ஓட்டல் பெயரைப் போடவில்லை. "பேரைச் சொல்ல தைரியம் இல்லையா" என்று கேட்டவருக்கும் இதுதான் பதில்.

ஆக, வாளி அந்தக் கட்டடத்தில் இருந்தது. வேலை செய்கிறவர்கள் அதில்தான் குளிக்கிறார்கள். நாம் கேட்டால் மட்டும் அது தரக்குறைவு.

இது என்ன ஊர்? 2019 கோடையில் செம்பரம்பாக்கம், செங்குன்றம் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்தில் வந்து இறங்கிய ஊர். லாரி எப்போது வரும் என்று ராத்திரியெல்லாம் விழித்திருந்து, இருக்கிற குடம், அண்டா, வாளி எல்லாவற்றிலும் பிடித்து வைத்தோமே. தலைக்கு ஒரு வாளி என்று அளந்து குளித்தோமே. அதற்குள் மறந்துவிட்டதா?

வெளிநாட்டுக்காரர்கள் வருகிற இடம் என்கிறார்கள். வரட்டும். பாத்டப்பை இடிக்கச் சொல்லவில்லை. கேட்கிறவர்களுக்கு ஒரு வாளி கொடுங்கள் என்கிறேன். 2014-இல் சேப்பாக்கத்தில் கிரிக்கெட் கிளப்புக்குள் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே விடவில்லை. அப்புறம் அதே வருடம் சட்டசபையில் தனியாகச் சட்டம் போட வேண்டியிருந்தது. நம் ஊரில், நம் காசில், நாம் நம் வழக்கப்படி இருக்க ஒவ்வொன்றுக்கும் சட்டம் போட்டுக்கொண்டே இருக்க முடியுமா? வாளிக்கும் ஒரு சட்டமா?

அன்றைக்கு முகூர்த்தம் விடிகாலையில். அம்மா குளிக்காமல் அடுப்படிக்குள் கால் வைக்க மாட்டாள், காய்ச்சல் என்றாலும். அன்று ஈரத் துண்டால் உடம்பைத் துடைத்துக்கொண்டு பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டாள். "விடுடி, இதுக்குப் போய்ச் சண்டை போடாதே" என்றாள். மண்டபத்தில் தாலியைத் தொட்டுக் கும்பிடத் தட்டு வந்தபோது, குளிக்கவில்லை என்று அவள் கையை நீட்டவே இல்லை. பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும்தான் அது தெரியும். இப்போது உங்களுக்கும் சொல்லிவிட்டேன்.

அடுத்த முறை தங்கினால் தள்ளுபடி தருகிறோம் என்று ஓட்டலிலிருந்து மெயில் வந்திருக்கிறது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு அவர்களைவிட உங்கள் மேல்தான் வருத்தம். அம்மா இப்போதெல்லாம் ஃபேஸ்புக் பார்க்கிறாள். லாட்ஜ் கமெண்ட்டையும் படித்துவிட்டு, "நான் வந்திருக்கவே கூடாது போல" என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறாள். எழுதியவரும் சிரித்தவர்களும் அதை எடுத்துவிடுங்கள். இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.