ஆறு லட்சம் ஆஃபர், வெள்ளிக்கிழமைக்குள் பதில்

அக்கா மகளுக்கு இன்டர்ன்ஷிப் பார்த்த கம்பெனியிலேயே வேலை தருகிறார்களாம். சோழிங்கநல்லூரில் ஆபீஸ், வருடத்துக்கு ஆறு லட்சம் சிடிசி (கம்பெனி அவளுக்காகச் செலவழிக்கும் மொத்தத் தொகை), வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். சரி என்று சொல்லிவிட்டால் காலேஜ் பிளேஸ்மென்ட் செல் வேறு கம்பெனிக்கு உட்கார விடாது. "மாசம் அம்பதாயிரம் மாமா!" என்று துள்ளுகிறாள்.

அந்த ஐம்பதாயிரத்தைக் கணக்குப் போட்டோம். பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம் 3 லட்சம். கம்பெனி கட்டும் பிஎஃப் 36,000, கிராஜுவிட்டி (பணிக்கொடை) 14,430, வருடக் கடைசியில் 'பெர்ஃபார்மன்ஸ்' பார்த்துத் தரும் 60,000 எல்லாமே ஆறு லட்சத்துக்குள் அடக்கம். அவள் பங்கு பிஎஃப் இன்னொரு 36,000. கையில் வருவது மாதம் 38,000-க்கும் கீழே. பிஎஃப் அவள் பணம்தான், எங்கேயும் போகாது.

அதைவிட உறுத்துவது பாண்ட். இரண்டு வருடத்துக்குள் விலகினால் ஒன்றரை லட்சம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம். 'கோர்ட்டில் நிற்காது, தைரியமாகக் கையெழுத்துப் போடு' என்கிற சீனியர்களை நம்பாதீர்கள். மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அது பொதுத்துறை வங்கியின் வழக்கு, எல்லா பாண்டுக்கும் அப்படியே பொருந்தாதுதான். அதற்காக 22 வயதில் வக்கீல் நோட்டீஸோடு மல்லுக்கட்ட வேண்டுமா?

என்னைக் கேட்டால், ஆஃபர் லெட்டரைவிட அவள் உள்ளே இருந்து பார்த்ததுதான் பெரிய சாட்சி. வெளியிலிருந்து இன்டர்வியூவுக்குப் போகிறவனுக்கு அது கிடைக்காது. டீமில் மூன்றாவது வருடம் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, டீம் லீட் அக்காவைத் தவிர யாரும் இல்லை என்றாள். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து, இவள் எழுதிய புரோகிராமை வரி வரியாகத் திருத்தித் தருவது அந்த அக்காதான். அவரும் ராஜினாமா கொடுத்துவிட்டு இப்போது நோட்டீஸ் பீரியடில் இருக்கிறாராம்!

படிப்புக் கடன் தவணை கழுத்தை நெரிக்கும் வீடென்றால் நானே சேரச் சொல்லியிருப்பேன். இவளுக்கு அப்படி இல்லை. அதனால் மெயில் போடச் சொன்னேன்: எந்த டீம், யாரிடம் ரிப்போர்ட் செய்யணும், மாதம் போகப் போக பாண்ட் தொகை குறையுமா, பத்து நாள் அவகாசம் கிடைக்குமா? கேட்டதற்கே ஆஃபரைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அத்தான் பயப்படுகிறார். நடக்கலாம்தான். இருந்தாலும் கேட்கத்தான் வேண்டும் என்பேன்.

ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கொடுத்து வைக்கச் சொன்னால் மட்டும் பேச்சே கிடையாது, கிளம்பி வந்துவிடச் சொல்லியிருக்கிறேன்.