தீர்ப்பு வந்த பிறகும் நாடகம் முடியவில்லை

ஒரெஸ்டியா என்ற பண்டைய கிரேக்க நாடகத் தொடர் என்றாலே பலரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பழிக்குப் பழி என்று வெட்டிக்கொண்டு செத்த காலம் போய், நீதிமன்றம் வந்த கதை என்று. எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. ஈஸ்கிலஸின் அந்த மூன்று நாடகங்களையும் வரிசையாகப் படித்தால், பழி தீர்ப்பால் நிற்கவில்லை என்பது தெரியும். தீர்ப்பு வந்ததும் ஆபத்து ஒரு வீட்டை விட்டு ஊர் முழுவதற்கும் பரவப் பார்க்கிறது.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஆத்ரியஸ், விருந்து என்று தன் சகோதரன் தயெஸ்டிஸை அழைத்து, அவன் பிள்ளைகளையே வெட்டிச் சமைத்துப் பரிமாறுகிறான். ஆத்ரியஸின் மகன் அகமெம்னான், எதிர்க்காற்றில் நின்றுபோன கப்பல்கள் ட்ராய் போருக்குப் புறப்பட வேண்டும் என்று மகள் இஃபிஜீனியாவைப் பலி கொடுக்கிறான். போர் முடிந்து திரும்பியவனை மனைவி கிளைடெம்னெஸ்ட்ரா குளிக்கும் தொட்டியில் வைத்துக் கொல்கிறாள். அவளுக்குத் துணை நிற்பவன் ஏஜிஸ்தஸ், தயெஸ்டிஸின் உயிர் தப்பிய மகன். அப்புறம் அகமெம்னானின் மகன் ஒரெஸ்டிஸ் வந்து ஏஜிஸ்தஸையும் தன் தாயையும் கொல்கிறான்.

முதல் நாடகத்தில் ஊர் முதியவர்களின் பாடற்குழு இஃபிஜீனியாவின் பலியைப் பாடும் இடத்தை என்னால் எளிதாகக் கடக்க முடிவதில்லை. ஆட்டுக்குட்டியைத் தூக்குவதுபோல அவளைப் பலிபீடத்துக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறார்கள். அவள் வாயிலிருந்து குடும்பத்துக்குச் சாபம் வந்துவிடக் கூடாது என்று வாயைக் கட்டிவிடுகிறார்கள். பேச முடியாமல், கொல்ல வந்தவர்கள் ஒவ்வொருவரையும் கண்ணால் கெஞ்சுகிறாள். அப்பாவின் விருந்துகளில் அவள் பாடியதைக் கேட்டு மகிழ்ந்தவர்கள் அவர்கள். இதைப் பாடும் முதியவர்களாலும் அந்த நொடியைச் சொல்ல முடியவில்லை. அதற்குப் பின் நடந்ததைப் பார்க்கவில்லை, சொல்லவும் மாட்டோம் என்று நிறுத்திக்கொள்கிறார்கள். பத்து ஆண்டுகள் இதை நெஞ்சில் சுமந்த ஒரு தாயை வெறும் கொலைகாரி என்று எழுதிவிட்டுப் போகிறவர்களை நான் நம்புவதில்லை.

ஈஸ்கிலஸ் கூர்மையாகக் கவனித்த இன்னொன்று உண்டு. கொலை செய்த ஒவ்வொருவரும் தன் முறை முடிந்ததும் சமாதானம் கேட்கிறார்கள். கணவன் பிணத்துக்கு அருகில் நின்றுகொண்டு கிளைடெம்னெஸ்ட்ரா, இந்த வீட்டைப் பிடித்த பேயோடு ஒப்பந்தம் செய்துகொள்ளத் தயார், சொத்தில் கொஞ்சம் கிடைத்தால் போதும், இதோடு நிற்கட்டும் என்கிறாள். ஏஜிஸ்தஸ் ஊர்ப் பெரியவர்கள் மீது வாளை ஓங்கும்போது தடுப்பவளும் அவள்தான்: சிந்திய ரத்தம் போதும். அவள் மனதாரத்தான் சொல்கிறாள். ஆனால் கணக்கு தனக்குச் சாதகமாக முடிந்த நிமிடத்தில் மூடப் பார்க்கிறாள். எதிர்ப்பக்கம் இருப்பவனுக்கு அந்த நிமிடத்தில்தான் கணக்கு தொடங்குகிறது.

சரி, நீதிமன்றத்துக்கு வருவோம். தாயைக் கொன்ற ஒரெஸ்டிஸை எரின்யெஸ் என்னும் பழிவாங்கும் தெய்வங்கள் டெல்பியிலிருந்து ஏதென்ஸ் வரை துரத்துகின்றன. வழக்கு ஒரு தனி ஆளால் தீர்க்க முடியாதது என்று ஏதென்ஸின் காவல் தெய்வம் அதீனா அந்நகரக் குடிமக்களை நடுவர்களாக்கி அரியோபாகஸ் மன்றத்தை அமைக்கிறாள். அங்கே ஒரெஸ்டிஸுக்காகப் பேசும் அப்போலோ தெய்வம் சொல்வது என்ன? பிள்ளையைப் பெறுபவள் தாய் அல்ல, விதையைத் தாங்கி வளர்ப்பவள் மட்டுமே என்பது. இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது. எதிர்த்தரப்பும் சுத்தமில்லை. கணவனைக் கொன்றவளை ஏன் துரத்தவில்லை என்று ஒரெஸ்டிஸ் கேட்டால், அவன் அவளுக்கு ரத்த உறவு இல்லை என்று பதில் வருகிறது. விசாரணை முழுவதிலும் இஃபிஜீனியாவின் பெயரை ஒருவரும் எடுப்பதில்லை. தாய்க்காக வாதாடும் தெய்வங்கள்கூட எடுப்பதில்லை. எல்லாம் எங்கிருந்து வந்ததோ அந்தப் பெண் வழக்கிலேயே இல்லை.

வாக்குகள் சரிசமமாக விழுகின்றன. சமமானால் விடுதலை என்பது விதி. ஒரெஸ்டிஸ் நன்றி சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்புகிறான். மூன்றாவது நாடகம் அங்கே முடியவில்லை, ஏறத்தாழ கால் பங்கு பாக்கி இருக்கிறது. அந்தக் கால் பங்குதான் எனக்கு முக்கியம்.

தோற்றுப்போன தெய்வங்கள் ஏதென்ஸ் மண்ணில் நஞ்சைச் சொட்டவிடுவோம், இலை துளிர்க்காது, பிள்ளை பிறக்காது என்று சீறுகின்றன. நீங்கள் தோற்கவில்லை, வாக்கு சமம் என்கிறாள் அதீனா. பதிலுக்கு அதே சாபத்தை ஒரு சொல் மாறாமல் மறுபடி பாடுகின்றன. மீண்டும் பேசுகிறாள். அவர்களிடமிருந்து ஒரு புலம்பல் வருகிறது, அடுத்த முறையும் அதே புலம்பல். காயம்பட்டவர்கள் பேசும் விதம் இதுதான், சொன்னதையே சொல்வார்கள். அவள் சலித்துக்கொள்வதில்லை, நல்லதைச் சொல்லச் சலிக்க மாட்டேன் என்று வாய்விட்டே சொல்கிறாள். தெய்வங்களின் தலைவன் ஜீயஸின் இடி வைத்திருக்கும் அறையின் சாவி தன்னிடம் உண்டு என்று நடுவில் ஒருமுறை நினைவூட்டுகிறாள், உடனே அது தேவையில்லை என்றும் விட்டுவிடுகிறாள்.

அவள் முன்பே அவர்களைக் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறாள். அடக்குமுறையும் வேண்டாம், கட்டற்ற வாழ்வும் வேண்டாம், கொஞ்சம் அச்சம் இருந்தால்தான் மனிதன் நேராக நடப்பான் என்று விசாரணைக்கு முன் பாடியவை எரின்யெஸ்தான். மன்றத்தைத் தொடங்கிவைக்கும்போது அதீனா அதையே தன் சட்டமாகச் சொல்கிறாள்.

கடைசியில் அவர்கள் கேட்கும் கேள்வி: எங்களுக்கு எந்த இடம்? உங்களை மதிக்காமல் இந்த ஊரில் எந்த வீடும் செழிக்காது என்கிறாள் அதீனா. பாட்டு மாறுவது அதற்குப் பிறகுதான். குடிமக்கள் ஒருவரையொருவர் பழிதீர்த்து, அந்த ரத்தத்தை இந்த மண் குடிக்காதிருக்கட்டும் என்று சாபம் கொடுத்தவர்களே வேண்டுகிறார்கள்.

இது மேடையேறியது கி.மு. 458-இல். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் எஃபியால்டிஸ் என்ற ஏதென்ஸ் தலைவர், நிஜத்திலும் இருந்த அரியோபாகஸ் மன்றத்தின் அதிகாரங்களைப் பறித்தார், கொஞ்ச நாளிலேயே கொலையும் செய்யப்பட்டார். அந்த வேண்டுதலைக் கேட்டவர்களுக்கு அது பழங்கதையாக இருந்திருக்காது. மாராத்தானில் பாரசீகப் படையை எதிர்த்துப் போரிட்ட ஈஸ்கிலஸுக்கு அப்போது அறுபதைத் தாண்டிய வயது.

இதை மேடையேற்ற நினைக்கும் நண்பர்களிடம் ஒரே கோரிக்கை. நேரம் போதவில்லை என்றால் வழக்கு விசாரணையில் வெட்டுங்கள், அப்போலோவின் பேச்சைக் குறையுங்கள். அதீனா பொறுமையாகத் திரும்பத் திரும்பப் பேசும் அந்தப் பகுதியில் மட்டும் ஒரு வரியையும் தொடாதீர்கள்.