சீனாவை மட்டும் திட்டினால் எப்படி?

பழைய பவர் டூல் (டிரில், கிரைண்டர் மாதிரி மின்கருவிகள்) கம்பெனிகளின் தரம் ஏன் குறைந்தது என்ற கட்டுரையைப் படித்தேன். உற்பத்தி சீனாவுக்குப் போனதும் தரம் போச்சு என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அப்படியானால் அமெரிக்க பிராண்டான மில்வாக்கி? 2005-லேயே அதை ஹாங்காங்கின் டிடிஐ கம்பெனி வாங்கிவிட்டது. இன்றும் தொழில்காரர்கள் தேடி வாங்குகிறார்களே!

போர்ட்டர்-கேபிளைப் பாருங்கள். 1906-ல் அமெரிக்காவின் சிராக்யூஸில் தொடங்கிய கம்பெனி. அதன் 690 ரவுட்டர் (மரத்தில் பள்ளம், விளிம்பு வெட்டும் கருவி) அங்கே தச்சர்களிடம் அவ்வளவு பேர்போனது. 2004-ல் அந்தக் கம்பெனியை பிளாக் அண்ட் டெக்கர் என்ற இன்னொரு டூல் கம்பெனி வாங்கியது. அவர்களிடம் ஏற்கெனவே டிவால்ட் என்ற பிராண்டு இருந்தது. ஒரே வீட்டில் இரண்டு மூத்த பிள்ளைகள் எதற்கு? பழைய பெயரை மலிவு வரிசைக்கு இறக்கிவிட்டார்கள். தரம் தானாகக் குறையவில்லை ஐயா, கணக்குப் போட்டுக் குறைத்தார்கள்.

டிரில் வாங்கும்போது பெயரைப் பார்க்காமல் பிட் மாட்டும் முனையை (சக்) பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் உள்ளே பால் பேரிங்குக்குப் பதில் வெறும் புஷ் (குண்டுகள் இல்லாத உலோக வளையம்) போட்டிருக்கலாம். மோட்டாரில் தேய்ந்துபோகும் கார்பன் பிரஷ்ஷை மாற்ற வெளியே மூடி இருக்கிறதா என்றும் பாருங்கள். என் கிரைண்டரில் (பெயர் வேண்டாம், பெரிய பெயர்தான்) அதற்கே முழு பாடியையும் கழற்றணும். சர்வீஸ் கடையில் கேட்கிற கூலிக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசே வந்துவிடும். கம்பெனிக்கும் அதுதானே வேண்டும்?