யுனைட்டஸின் வலது கை

ஜானி யுனைட்டஸ் தம் கடைசி ஆண்டுகளில் கோல்ஃப் ஆடப் போனால், முதலில் இடது கையால் வலது கை விரல்களை மடக்கி மட்டையின் பிடியைச் சுற்றி வைப்பார். பிறகு அந்தக் கை நழுவிவிடாமல் வெல்க்ரோ பட்டையால் மட்டையோடு சேர்த்துக் கட்டிக்கொள்வார். அடுத்த அடிக்கும் இதே வேலைதான். சாப்பிடும் கரண்டியைக்கூட ஒழுங்காகப் பிடிக்க முடியாமல் போன அந்தக் கை, 1956 முதல் 1973 வரை பதினெட்டுப் பருவங்களில் அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பாலில் மொத்தம் 40,239 யார்டு தூரத்துக்குப் பந்தை எறிந்து சேர்த்த கை. பந்தை எறிபவரான குவாட்டர்பேக்குகளில் 40,000 யார்டைத் தாண்டிய முதல் ஆள் அவர்தான்.

ஒவ்வோர் ஆண்டும் அந்த ஆட்டத்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் நெருங்கும்போது ‘எல்லாக் காலத்துக்கும் சிறந்த குவாட்டர்பேக் யார்’ என்ற பட்டியல்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. டாம் பிரேடி, ஜோ மான்டானா, பெய்டன் மேனிங் என்று பெயர்கள் வரிசைகட்ட, யுனைட்டஸ் ஆண்டுக்கு ஆண்டு ஓரிரு படிகள் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறார். 290 டச்டவுன் பாஸ்களுக்கு (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்த்துப் புள்ளி எடுப்பதுதான் டச்டவுன்) எதிரே, எறிந்த பந்தை 253 முறை எதிரணியின் இடைமறிப்புக்குப் பறிகொடுத்திருக்கிறார், எறிந்த பந்துகளில் ஏறக்குறைய 55 விழுக்காடுதான் தம் அணியினர் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, இன்றைக்கு இந்தக் கணக்கோடு ஒருவர் எந்த அணியிலும் இடம் பிடிக்க முடியாது என்று இளைஞர்கள் வாதிடுகிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கை வைத்து அவரை எடைபோடுவது தவறு என்பதும், அந்தப் பட்டியலில் அவருக்கு எத்தனையாவது இடம் என்பதைவிட அந்தக் கைக்கு என்.எஃப்.எல். என்ற அந்தத் தொழில்முறை லீக் என்ன செய்தது என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி என்பதும் என் கருத்து.

இந்த ஆட்டத்தைப் பார்த்துப் பழகாதவர்களுக்காக ஒரு சொல். ஃபுட்பால் என்று பெயர் இருந்தாலும், நாம் அறிந்த கால்பந்து அன்று இது. பெரும்பாலும் கையால் ஆடப்படுவது. பந்து முதலில் குவாட்டர்பேக்கின் கைக்கு வரும். அதை ஓடுபவரிடம் கொடுப்பதா, தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் சகாவுக்கு எறிவதா என்பதை இரண்டு மூன்று நொடிகளில் அவர் முடிவுசெய்ய வேண்டும், அதற்குள் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள நான்கைந்து பேர் அவரை வீழ்த்தப் பாய்ந்து வருவார்கள். இன்று ஒவ்வொரு நகர்வையும் பயிற்சியாளர்கள் தீர்மானித்து, தலைக்கவசத்துக்குள் இருக்கும் ஒலிபெருக்கி வழியாகக் குவாட்டர்பேக்கின் காதில் சொல்லிவிடுகிறார்கள். யுனைட்டஸ் காலத்தில் அது கிடையாது. அடுத்து என்ன ஆட்டம் என்பதை அவரே தீர்மானித்தார். வரிசையில் போய் நின்றபின் எதிரணி நிற்கும் தோரணையைப் பார்த்து, சொன்னதை அழித்து வேறொன்றைக் கூவுவதும் அவர்தான்.

அவர் 1933இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். லிதுவேனியாவிலிருந்து குடியேறியவர்களின் வழிவந்த குடும்பம். ஐந்து வயதில் தந்தை இறந்துவிட, அவர் நடத்திவந்த நிலக்கரி விநியோகத் தொழிலைத் தாய் ஏற்று நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார். ஒல்லியாக இருக்கிறார் என்று நோட்டர் டேம் பல்கலைக்கழகம் ஒதுக்கிவிட, லூயிவில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1955இல் சொந்த ஊர் அணியான ஸ்டீலர்ஸ் புதுமுக வீரர் தேர்வின் ஒன்பதாவது சுற்றில் அவரைத் தேர்ந்தெடுத்தது. பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களில் ஒரு பந்தைக்கூட எறியவிடாமல் வீட்டுக்கு அனுப்பியது. பேருந்துக்குக் கொடுத்த பணத்தை மிச்சம் பிடிக்க, வழியில் வந்த வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தி ஏறி அவர் ஊர் திரும்பினார் என்பார்கள். பகலில் கட்டுமான வேலை செய்துகொண்டே, புல் அரிதாகவும் கல்லும் கண்ணாடித் துண்டும் தாராளமாகவும் கிடந்த மைதானங்களில் புளூம்ஃபீல்டு ராம்ஸ் என்ற அரைத் தொழில்முறை அணிக்கு ஆடினார். ஓர் ஆட்டத்துக்கு ஆறு டாலர். 1956இல் பால்டிமோர் கோல்ட்ஸ் அழைத்தது.

முதல் வாய்ப்பு எப்படி முடிந்தது என்பதைச் சொல்லாமல் போக மனமில்லை. சிகாகோ பேர்ஸ் அணியுடனான ஆட்டத்தில் குவாட்டர்பேக் ஜார்ஜ் ஷாவின் கால் உடைந்து, யுனைட்டஸ் உள்ளே வந்தார். அவர் எறிந்த முதல் பந்தை எதிரணிக்காரர் பிடித்து நேராக ஓடி டச்டவுன் ஆக்கிவிட்டார். அடுத்த முறை ஓடுபவரிடம் பந்தைக் கொடுக்கும்போது அது கைநழுவிப் பறிபோனது. கோல்ட்ஸ் 58-27 என்று தோற்றது. மறு ஆண்டே லீகின் முன்னணிக் குவாட்டர்பேக்குகளில் ஒருவராகிவிடுவார் என்று யாராவது அன்று சொல்லியிருந்தால் சிகாகோவில் சிரித்திருப்பார்கள்.

இனி 1958 டிசம்பர் 28. நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் ஜயன்ட்ஸுக்கும் கோல்ட்ஸுக்கும் இறுதியாட்டம். அந்தப் பருவத்திலேயே விலா எலும்புகள் முறிந்து நுரையீரலில் துளைபட்டு, இரண்டு ஆட்டங்கள் மட்டும் வெளியே இருந்துவிட்டுத் திரும்பியவர் யுனைட்டஸ். துண்டு துண்டாகக் கிடைக்கும் பழைய படச்சுருள்களில் அந்த ஆட்டத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் என் கண் ஓரிடத்தில்தான் நிற்கும். நான்காம் கால்பகுதியில் ஏறக்குறைய இரண்டு நிமிடங்கள் மீதியிருக்க, 17-14 என்று பின்தங்கியிருந்த கோல்ட்ஸ், தன் எல்லையிலிருந்து 14 யார்டில் பந்தைப் பெறுகிறது. மூன்றாவது முயற்சியில் லென்னி மூருக்கு ஒரு பாஸ், 11 யார்டு. பிறகு தொடர்ந்து மூன்று பாஸ்கள் ரேமண்ட் பெரிக்கு: 25, 15, 22. கூட்டிப் பார்த்தால் 62 யார்டு. ஜயன்ட்ஸின் தடுப்பாட்டத்தை வகுத்தவர் டாம் லேண்ட்ரி, பிற்காலத்தில் மேதை என்று கொண்டாடப்பட்டவர்; அடுத்து பந்து யாருக்குப் போகும் என்பது ஊருக்கே தெரிந்தபின்னும் அவர்களால் தடுக்க முடியவில்லை. ஸ்டீவ் மைரா கம்பங்களுக்கு நடுவே உதைத்த ஃபீல்டு கோலால் ஆட்டம் சமனானபோது ஏழு நொடிகள்தாம் மீதம்.

அந்தப் பெரியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பார்வை மங்கல்; முதுகுக் கோளாறு; இரண்டு கால்களும் சம நீளமில்லை; வேகமும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பயிற்சி முடிந்து மற்றவர்கள் குளிக்கப் போனபின், இவர்கள் இருவரும் மைதானத்திலேயே நின்று ஒரே பாஸை மீண்டும் மீண்டும் எறிந்தும் பிடித்தும் பழகுவார்கள். பெரி திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே பந்து யுனைட்டஸின் கையைவிட்டுப் புறப்பட்டிருக்கும். அவர் திரும்பும் இடத்தில் பந்து இருக்கும். அன்றைய ஆட்டத்தில் பெரி பிடித்தவை 12 பாஸ்கள், 178 யார்டு.

லீக் வரலாற்றில் இறுதியாட்டம் ஒன்று கூடுதல் நேரத்துக்குப் போனது அதுவே முதல்முறை. கோல்ட்ஸ் அணியினர் தம் எல்லையிலிருந்து 20 யார்டில் தொடங்கி, மீதி 80 யார்டைப் பதின்மூன்று நகர்வுகளில் கடந்தார்கள். ஜயன்ட்ஸின் தடுப்பாட்டத்தில் நடுவில் நிற்கும் சாம் ஹஃப், பெரியை மறிப்பதற்காகச் சற்றே பின்வாங்கி நிற்பதைக் கவனித்த யுனைட்டஸ், எறிவதாக இருந்த பந்தை எறியாமல் ஓடுபவரான அலன் அமீச்சியிடம் கொடுத்து, ஹஃப் விட்டுப்போன நடு இடத்தின் வழியாகவே இருபது யார்டுக்கு மேல் ஓடவைத்தார். இலக்குக்கு மிக அருகே வந்தபின், பத்திரமாக ஒரு ஃபீல்டு கோல் உதைத்து வென்றுவிடாமல் ஜிம் முட்ஷெல்லருக்கு ஒரு பாஸ் எறிந்தார். பறிபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு கேட்டவர்களிடம், என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்தால் பறிபோகாது என்றார். அடுத்த நகர்விலேயே அமீச்சி ஒரு யார்டு பாய்ந்தார், 23-17.

சுமார் 4.5 கோடிப் பேர் அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். ஃபுட்பால் தொலைக்காட்சிக்காகவே பிறந்த ஆட்டம் என்று நிறுவனங்கள் உணர்ந்தது அதன் பிறகுதான். பார்த்தவர்களில் ஒருவரான லாமர் ஹன்ட் மறு ஆண்டே போட்டி லீக் ஒன்றைத் தொடங்கினார். 1962இல் சிபிஎஸ் நிறுவனம் லீகுக்கு ஆண்டொன்றுக்கு 46.5 லட்சம் டாலர் கொடுத்தது. 2021இல் கையெழுத்தான ஒப்பந்தங்களின் மொத்த மதிப்பு 10,000 கோடி டாலருக்கு மேல். இந்தப் பணமெல்லாம் ஒரே ஒருவரால் வந்தது என்று சொன்னால் அது மிகை. ஆனால் இதற்கு அடித்தளம் போட்ட பிற்பகல் எது என்று கேட்டால் அந்த லீகே இந்த ஆட்டத்தைத்தான் காட்டுகிறது, அந்த ஆட்டத்தில் 349 யார்டுக்குப் பந்தை எறிந்தவர் இவர்தான். வென்ற அணியின் வீரர் ஒவ்வொருவருக்கும் கிடைத்த பங்கு 4,718 டாலர் 77 சென்ட்.

கணக்கு வாதத்துக்கு வருகிறேன். 1978க்கு முன்பு, பந்து எறியப்படும்வரை தடுப்பாட்டக்காரர்கள் பாஸைப் பிடிக்க ஓடுபவரை மைதானத்தில் எங்கே வேண்டுமானாலும் இடிக்கலாம். அந்த ஆண்டு வந்த விதிதான் அதை முதல் ஐந்து யார்டுக்குள் மட்டும் என்று கட்டுப்படுத்தியது. குவாட்டர்பேக்கைக் காக்கும் வரிசையினர் கைகளை நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தடுக்கலாம் என்பதும் அப்போதுதான் வந்தது. யுனைட்டஸ் ஆடத் தொடங்கியபோது ஒரு பருவத்துக்குப் பன்னிரண்டே ஆட்டங்கள், இப்போது பதினேழு. அந்தப் பன்னிரண்டில் 1959இல் அவர் எறிந்த டச்டவுன் பாஸ்கள் 32. ஒரு பருவத்தில் முப்பதைத் தொட்ட முதல் ஆள் அவர். தொடர்ந்து 47 ஆட்டங்களில் ஒரு டச்டவுன் பாஸாவது எறிந்த சாதனை 1960 முதல் 2012 வரை நின்றது. விதிகள் எல்லாம் எறிபவருக்குச் சாதகமாக மாறி முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் டிரூ பிரீஸ் அதை முறியடித்தார். 253 இடைமறிப்புகளைக் காட்டுகிறவர்கள் இதையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

அவருடைய பிற்காலம் அவ்வளவு அழகானதன்று என்பதையும் மறைக்க விரும்பவில்லை. 1968இல் பருவம் தொடங்குமுன்பே முழங்கையில் அடிபட்டது. அந்த ஆண்டு அவர் இடத்தில் ஏர்ல் மோரல் ஆடினார். மூன்றாவது சூப்பர் பவுலில் ஜோ நேமத்தின் ஜெட்ஸிடம் தோற்றுக்கொண்டிருந்த நேரத்தில், சரிவரத் தேறாத கையோடு யுனைட்டஸைக் களமிறக்க, அணியின் ஒரே டச்டவுன் வந்தது. ஆட்டம் 16-7 என்று கைவிட்டுப் போனது. ஐந்தாவது சூப்பர் பவுலை வென்ற அணியில் இருந்தார், ஆனால் பாதியிலேயே காயம்பட்டு வெளியேறிவிட்டார். 1972இல் புதிய நிர்வாகம் அவரை உட்காரவைத்துவிட்டது. டிசம்பரில் பால்டிமோரில் அவருடைய கடைசி ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது, ‘யுனைட்டஸ் வி ஸ்டாண்ட்’ என்று எழுதிய துணியை இழுத்துக்கொண்டு ஒரு சிறு விமானம் மைதானத்தின் மேலே பறந்தது. ஒன்றுபட்டு நிற்போம் என்ற பொருளுடைய பழமொழியை அவர் பெயராகவே திருப்பிய சிலேடை அது. கடைசியில் அவரை உள்ளே அனுப்பினார்கள். எடி ஹின்டனுக்கு அவர் எறிந்த பந்து 63 யார்டு டச்டவுன் ஆனது. அன்றோடு நிறுத்தியிருக்கலாம். சான் டியேகோவுக்குப் போய், 1973இல் மூன்று டச்டவுன்களும் ஏழு இடைமறிப்புகளுமாக, புதுமுகமான டான் ஃபௌட்ஸிடம் இடத்தைக் கொடுத்துவிட்டு வந்ததை அவருடைய ரசிகர்கள் இன்றும் பேச விரும்புவதில்லை.

1984 மார்ச் மாதத்தில் ஒரே இரவில் மேஃப்ளவர் லாரிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கோல்ட்ஸ் அணி இண்டியானாபொலிஸுக்குப் போய்விட்டது. அந்த அணியோடு தமக்கு எந்தத் தொடர்பும் இல்லை, தாம் பால்டிமோர்க்காரர் என்று யுனைட்டஸ் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கைக்கு வருகிறேன். ஆடிய காலத்தில் பட்ட அடியின் விளைவு பல ஆண்டுகள் கழித்துத்தான் முழுமையாகத் தெரிந்தது. நரம்பு செயலிழந்து விரல்கள் மடங்க மறுத்தன. முழங்கால்கள் இரண்டும் செயற்கை மூட்டுகள். ஊனத்துக்கான உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்தார், மறுத்துவிட்டார்கள். 55 வயதுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும் என்பது அவருக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. கை முற்றிலும் பயனற்றுப் போனதோ அறுபதை எட்டியபோது. அந்த நிதியை நிர்வகிக்கும் குழுவில் லீக் உரிமையாளர்களின் ஆட்களோடு வீரர்கள் சங்கத்தின் ஆட்களும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதால் பழியை முதலாளிகள் தலையில் மட்டும் போட நான் தயாரில்லை. அவரோடு ஆடிய ஜான் மேக்கி நினைவாற்றலை இழந்து தவித்தபோது அவருடைய மனைவி எழுதிய கடிதம்தான், 2007இல் மறதி நோயால் வாடும் பழைய வீரர்களுக்கு ஓர் உதவித் திட்டத்தைக் கொண்டுவந்தது. மேக்கி அணிந்த 88 என்ற எண்ணையே அதற்குப் பெயராக வைத்தார்கள். யுனைட்டஸுக்கு அதுவும் கிட்டவில்லை. 2002 செப்டம்பர் 11 அன்று உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தபோது மாரடைப்பால் இறந்துபோனார்.

அவர் இறந்த சில நாள்களில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். யுனைட்டஸ் எப்போதும் கணுக்காலை மூடும் கறுப்பு நிறப் பழைய பாணி ஷூ அணிந்தே ஆடுவார். அஞ்சலியாக அதேபோன்ற ஷூவை அணிந்து ஆட பெய்டன் மேனிங் அனுமதி கேட்டார். சீருடை விதியை மீறினால் 25,000 டாலர் அபராதம் என்று லீக் எச்சரித்ததால் விட்டுவிட்டார். பால்டிமோரின் புதிய அணியான ரேவன்ஸின் குவாட்டர்பேக் கிறிஸ் ரெட்மேன் விடவில்லை. யுனைட்டஸ் படித்த அதே லூயிவில் பல்கலைக்கழகத்தில் படித்தவர் அவர். யாரையும் கேட்காமல் கறுப்பு ஷூவோடு களமிறங்கினார். லீக் அவருக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. 1958 டிசம்பரில் யாங்கி ஸ்டேடியத்தில் வென்றதற்காக யுனைட்டஸுக்குக் கொடுத்த தொகையைவிட அது 281 டாலர் 23 சென்ட் அதிகம். பணவீக்கத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாமா என்று யாராவது கீழே வந்து கேட்பார்கள், கேட்கட்டும்.