வாணலியின் மூச்சு
சீன உணவகம் என்றாலே அஜினோமோட்டோவுக்குப் பயப்பட வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த, அஜினோமோட்டோவுக்குச் சுவை தரும் அதே குளூட்டமேட் தக்காளியிலும் இருக்கிறது. தக்காளியைக் கண்டு யாரும் ஓடுவதில்லையே!

நான் அடிக்கடி போகும் உணவகத்தில் அடுப்புக்கு எதிரே உள்ள மேசையைத்தான் கேட்டு வாங்குவேன். முதல் நாளே வடித்து ஆறவைத்த சோறு. ஈரம் வற்றியிருப்பதால் குழையாது. புகை கிளம்பும் இரும்பு வாணலியில் அதைக் கொட்டி ஒரு வீச்சு, தீ எட்டிப் பார்க்கிறது. கான்டனீஸ் மொழியில் 'வொக் ஹே', அதாவது வாணலியின் மூச்சு, என்பது அந்த மணத்தைத்தான். பொட்டலம் கட்டினால் பாதி வழியிலேயே போய்விடும்.

குச்சி பிடிக்கத்தான் இன்னும் வரவில்லை. பரிமாறுபவர் கேட்காமலேயே கரண்டி வைத்துவிடுகிறார்.